மாட்டுக்குத் தூரத்துச் சொந்தம்

தெல்லிப்பழை,
05.06.2025

அன்புள்ள டிலக்ஷனுக்கு,

நானும் மாமியும் அட்சரனும் இங்கே சுகம். அங்கே சவூதி வெயில் உங்களிடம் கொஞ்சம் இரக்கமாக நடந்துகொள்கிறது என்று நம்பி எழுதுகிறேன்.

போன வெள்ளிக்கிழமை நீங்கள் கேட்டதற்கு நான் பதில் சொல்லாமல் விட்டது கோபத்தால் இல்லை. போன் அந்த நேரம் யார் கையில் இருந்தது என்று உங்களுக்கே தெரியும். மாமி தன் மகனோடு அரைவாசி கதைத்தா. அட்சரன் தட்டி விழுத்தினது கால்வாசி. மிச்சத்தில் உங்கள் பக்கத்துக் காற்று இரைந்தது. பண்ணையிலிருந்து கிழமைக்கு ஒருக்கால் ரவுனுக்கு வந்து சிக்னல் பிடிக்கிற மனிசனிடம் அந்த இடைவெளிக்குள் என்னத்தைக் கதைக்கிறது? அதுதான் வழமைபோல எழுதி, படம் எடுத்து அனுப்புகிறேன். போன் வீட்டுக்குப் பொது. கடிதம் எங்கள் இரண்டு பேருக்கும்.

சரி, விசயத்துக்கு வருகிறேன். ஒட்டகப்பால்!

"மாட்டுப்பால் ஒத்துக்கொள்ளாத பிள்ளையளுக்கு இது சோக்கான சாமானாம், குடுத்துப் பாப்பம் தக்சா" என்று நீங்கள் சொன்னது என் காதில் விழுந்தது. விழுந்த நேரம் தொடக்கம் எனக்கு நித்திரை இல்லை.

உங்களுக்கு ஆட்டுப்பால் ஞாபகம் இருக்கிறதா? அதுவும் இதே போனில் நீங்கள் சொன்னதுதான். "ஆடு சின்னன், பாலும் மெல்லிசு, ஒண்டும் செய்யாது." மாமியும் ஓமென்று தலையாட்டினா. நான் ஒரே ஒரு கரண்டி தீத்தினேன். பத்து நிமிசம் ஆகவில்லை. சொண்டு இரண்டும் பணியாரம் போல ஊதி, முதுகெல்லாம் தடித்து, குரல் அடைத்து... ஆசுப்பத்திரிக்குப் போய்ச் சேரும்வரை அவன் மூச்சு விடுகிறானா என்று மூக்கடியில் விரல் வைத்துக்கொண்டு ஓட்டோவில் இருந்தவள் நான். நீங்கள் அடுத்த வெள்ளிக்கிழமைதான் அறிந்தீர்கள். அது உங்கள் பிழை இல்லை, சிக்னலின் பிழை. ஆனாலும் சொல்லி வைக்கிறேன்.

இரண்டு வயதும் மூன்று மாதமும் ஆன பிள்ளைக்குப் பசுப்பால் ஆகாது, தயிர் ஆகாது, நெய் பட்ட கை பட்டாலும் ஆகாது. கோயிலுக்குப் போனால் பஞ்சாமிர்தத்தைக் கண்டு ஓடுகிற தாய் இந்த ஊரில் நான் ஒருத்திதான். நான் விலங்கியல் பட்டதாரி. நியமனம் வரும்வரும் என்று பார்த்துக்கொண்டு ரியூசன் கொடுக்கிறேன். பிள்ளைகளுக்கு வகைப்பாட்டைக் கரும்பலகையில் கீறிக் காட்டும்போது எல்லாம் தெளிவாகத்தான் இருக்கிறது. என் பிள்ளையின் வாயடியில் கரண்டியைக் கொண்டுபோனால் படித்தது முழுவதும் ஓடி ஒளித்துவிடுகிறது.

அது போகட்டும். ஏன் திடீரென்று இந்த யோசனை? இரண்டு வருசமாக அந்தப் பண்ணையில் நிற்கிறீர்கள். இப்போதுதான் அங்கே ஒட்டகம் நிற்பதைக் கண்டீர்களா?

உங்கள்,
தக்சாயினி


13.06.2025

அன்பின் தக்சா,

உமது கடிதத்தை ரவுனுக்கு வந்த வான் வண்டிக்குள் இருந்து வாசித்தேன். மற்றவர்கள் கடைக்குப் போய்விட்டார்கள். ஆட்டுப்பால் விசயத்தில் இரண்டு கையையும் தூக்குகிறேன். இனி ஆடு என்ற சொல்லே என் வாயில் வராது.

ஒட்டகத்தை நான் இப்போதுதான் கண்டேனா என்று கேட்டிருக்கிறீர். பால் கறக்கிற மெசின் பூட்டிக் கழற்றுகிறவனுக்கு ஒட்டகத்தின் பின்பக்கம்தான் தெரியும், முகம் தெரியாது. இப்போது கொஞ்சம் முகமும் பழகிவிட்டது. ஒரு விசயம் கேளும். குட்டி பக்கத்தில் நிற்காவிட்டால் தாய் பால் இறக்காது. எவ்வளவு திறமான மெசின் பூட்டினாலும் பிரயோசனம் இல்லை. குட்டியைக் கொண்டுவந்து முன்னுக்கு நிறுத்த வேணும், அது முகர்ந்து பார்க்க வேணும், பிறகுதான் இறங்கும். ஜப்பானிலிருந்து வந்த எஞ்சினியர் ஒருவர் இதற்கு ஒரு வழி பார்க்கிறேன் என்று ஒரு கிழமை நின்றுவிட்டுப் போனார். இப்பவும் குட்டிதான் வருகிறது.

ஏன் இந்த யோசனை இப்போது என்றால், உள்ளதைச் சொல்கிறேன். என் ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் இரண்டு வருசத்துக்கு நிற்கச் சொல்லிக் கொம்பனி கேட்கிறது. யூலை முடிய முன்னம் கையெழுத்து வைக்க வேணும். வைக்காவிட்டால் ஓகஸ்ட்டில் ஊருக்கு ரிக்கற். நான் வந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் இந்தப் பால் அவனுக்கு ஒத்துக்கொள்ளுமென்றால், இதை விட்டுவிட்டு வந்து நான் என்ன தகப்பன்? இங்கே வேலை செய்கிறவர்களுக்கு மாதா மாதம் ஒட்டகப்பாலைத் தூளாக்கின பால்மாப் பக்கெற் தருகிறார்கள். ஊரில் ஒட்டகத்துக்கு எங்கே போகிறது?

ஆகவே என் முடிவு இதுதான். பால் ஒத்துக்கொண்டால் கையெழுத்து. ஒத்துக்கொள்ளாவிட்டால் ரிக்கற். என்னோடு வேலை செய்கிற இளவாலைக் கனிசியஸ் லீவில் வருகிறான். இரண்டு பக்கெற் கொடுத்துவிடுகிறேன். நீர் டொக்டரைக் கேட்டுச் செய்யும். நான் சொன்னேன் என்று ஒன்றும் செய்ய வேண்டாம். பட்டது போதும்.

அவனுக்கு என் முத்தம். போனில் கொடுத்தால் கண்ணாடியைத்தான் நக்குகிறான்.

டிலக்ஷன்


தெல்லிப்பழை,
26.06.2025

அன்புள்ள டிலக்ஷனுக்கு,

போன கிழமை எழுதாததற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். மூன்று தரம் தொடங்கிக் கிழித்தேன். பயத்தோடு எழுதினால் அது கடிதமாக வராது, ஒப்பாரியாக வருகிறது. அதனால் முதலில் படித்துவிட்டு எழுதுவோம் என்று கம்பஸ் நோட்ஸை அலுமாரிக்கு மேலிருந்து இறக்கினேன். கரப்பான் தின்றது போக மிச்சத்தை வாசித்தேன். அதில் இல்லாததைப் போனில் தேடினேன். இப்போது உங்கள் ஒட்டகத்தின் சாதகம் முழுவதும் என்னிடம் இருக்கிறது.

கேளுங்கள். இரட்டைக் குளம்புக்காரர் என்று ஒரு பெரிய குடும்பம். மாடு, ஆடு, மான், பன்றி, நீர்யானை, ஒட்டகம் எல்லாம் அதற்குள். இந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் முதல் காணியைப் பிரித்து, வேலி அடைத்துக்கொண்டு தனியாகப் போனது ஒட்டகம்தான். அதற்குப் பிறகு பன்றி போனது. பிறகு நீர்யானைப் பகுதி. அந்தப் பகுதியில் ஒரு கிளை கடலுக்குள் இறங்கித் திமிங்கலமாய்ப் போனது. கடைசிவரை ஒரே வளவுக்குள் கிடந்தவர்கள் மான், மாடு, ஆடு. அதிலும் மாடும் ஆடும் பக்கத்துப் பக்கத்து அறை.

விளங்குகிறதா, ஆட்டுப்பால் ஏன் எங்கள் பிள்ளையை அப்படிச் செய்தது என்று? அவன் உடம்பு மாட்டை அடையாளம் பிடித்து வைத்திருக்கிறது. ஆடு அதே முகச்சாயலோடு வந்து கதவைத் தட்டியது. உடம்பு, "உவள் அவளின்ரை தங்கச்சியெல்லோ" என்று பிடித்துக்கொண்டது. ஒட்டகம் அப்படி இல்லை. மாட்டுக்கு ஒட்டகத்தைவிடத் திமிங்கலம் கிட்டத்துச் சொந்தம்! நான் பகிடி விடவில்லை. மாட்டுப்பாலில் பிள்ளைகளைப் படுத்துகிற புரதங்களில் ஒன்று ஒட்டகப்பாலில் அறவே இல்லை. மற்றவையும் உருவம் வேறு.

இரண்டும் அசை போடுகின்றன என்பதால்தான் ஆட்கள் ஒன்று என்று நினைக்கிறார்கள். ஆனால் மாட்டு வயிற்றுக்கு நாலு அறை, ஒட்டகத்துக்கு மூன்று. மாட்டுக்கு மேல்வாயின் முன்பக்கத்தில் பல்லே இல்லை, ஒட்டகத்துக்கு இருக்கிறது, கடிக்கவும் செய்யும், கவனம். மாடு குளம்பில் நடக்கிறது, ஒட்டகம் மெத்தை வைத்த பாதத்தில் நடக்கிறது. இரத்தத்தில் எங்கள் எல்லோருக்கும் சிவப்பணு வட்டம். பாலூட்டிகளிலேயே ஒட்டகக் குடும்பத்துக்கு மட்டும் நீள்வட்டம். அசை போடுகிற பழக்கத்தை இரண்டு வீட்டாரும் தனித்தனியாகத்தான் பழகினார்கள்.

இன்னொன்று. ஒட்டகம் அரபு நாட்டுப் பிறப்பு இல்லை. வட அமெரிக்காவில், முயலளவில் ஓடித் திரிந்த ஒரு பிராணியிலிருந்து வந்தது. கனடாவின் வடக்கு முனையில், பனிக்குள், இன்றைய ஒட்டகத்தைவிடப் பெரிய ஒட்டகம் ஒன்றின் எலும்பு எடுத்திருக்கிறார்கள். முதுகுக் கொழுப்பும் அகலப் பாதமும் முதலில் மணலுக்காக இல்லை, பனிக்காலத்துக்காக வந்திருக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். பிறகு ஒரு பகுதி அலாஸ்காப் பக்கத்தால் கடல் வற்றிக் கிடந்த நிலத்தில் நடந்து ஆசியாவுக்கு வந்தது. இன்னொரு பகுதி தெற்கே போய் லாமா, அல்பாக்கா என்று ஆகிவிட்டது. பிறந்த இடத்தில் நின்றது அழிந்துபோய்விட்டது.

அட்சரனுக்கு அல்பாக்காவின் படத்தைக் காட்டினேன். "மே" என்றான். பாவம், வகைப்பாட்டில் பிழை விட்டாலும் அவனுக்கு நான் புள்ளி குறைக்கவில்லை.

டொக்டரிடம் போனேன். முழுவதையும் கேட்டா. "நீங்கள் சொல்லுறது சரி. கனபேருக்கு ஒத்துக்கொள்ளுது. ஆனால் எல்லாருக்கும் இல்லை. வீட்டிலை ஒரு சொட்டும் குடுக்கப்படாது. பக்கெற்றை உடைக்காமல் கொண்டு வாங்கோ, இஞ்சை வைச்சு மெல்ல மெல்லக் குடுத்துப் பாப்பம்" என்றா. யூலை பதினேழாம் தேதி வரச் சொல்லியிருக்கிறா.

"எல்லாருக்கும் இல்லை" என்ற அந்த இரண்டு சொல்தான் எனக்குள் நின்று அசை போடுகிறது.

ஒப்பந்தத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதற்கு இன்றைக்குப் பதில் எழுத எனக்குத் தெரியவில்லை.

உங்கள்,
தக்சா


04.07.2025

அன்பின் தக்சா,

உமது ஒட்டகச் சாதகத்தை இங்கே எல்லோருக்கும் மொழிபெயர்த்துச் சொன்னேன். எங்கள் மேற்பார்வையாளர் ஒரு சூடான்காரர், ஏழு தலைமுறையாக ஒட்டகம் வளர்த்த ஆள். மாட்டுக்குத் திமிங்கலம் கிட்டத்துச் சொந்தம் என்றதும் என் நெற்றியில் கை வைத்துக் காய்ச்சல் பார்த்தார்.

அப்ப ஒட்டகமும் கனடாக்காரன்தான் என்று சொல்லும்! எங்கள் சொந்தத்தில் அரைவாசிப் பேர் அங்கேதானே, ஒருவரும் இதைச் சொல்லவில்லையே.

ஆனால் ஒரு விசயம் நீரே எழுதியிருக்கிறீர், கவனித்தீரோ? பிறந்த இடத்தில் நின்றது அழிந்தது. வெளிக்கிட்டுப் போனதுதான் தப்பியது. நான் வேறொன்றும் சொல்லவில்லை.

கனிசியஸ் நேற்று வெளிக்கிட்டான். கையெழுத்துத் தாள் என் தலையணைக்குக் கீழே கிடக்கிறது. பதினேழாம் தேதியை நானும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

டிலக்ஷன்


தெல்லிப்பழை,
10.07.2025

அன்புள்ள டிலக்ஷனுக்கு,

நீங்கள் வேறொன்றும் சொல்லவில்லை. நான் சொல்கிறேன். ஒட்டகங்கள் அலாஸ்காவால் நடந்து வந்தது உண்மை. கூட்டமாக வந்தன. தாயும் தகப்பனும் குட்டியுமாக, நின்று தின்று, குட்டி போட்டுப் போட்டு வந்தன. எந்த ஒட்டகமும் மனிசியையும் பிள்ளையையும் கனடாவில் விட்டுவிட்டு, இரண்டு வருச ஒப்பந்தத்தில் தனியாக ஆசியாவுக்கு வரவில்லை. உதாரணம் எடுத்தால் வடிவாக எடுக்க வேணும்.

இனிப் பால்மாவின் கதை.

திங்கட்கிழமை நான் மருதனார்மடத்துச் சந்தைக்குப் போய் மரக்கறியோடு திரும்பி வருகிறேன், மாமி கேற்றடியிலேயே நிற்கிறா. முகம் முழுக்கச் சிரிப்பு.

"பிள்ளை, தம்பி அனுப்பின சாமான் வந்திட்டுது. எல்லாருக்கும் குடுத்தும் ஆச்சு!"

"என்னத்தை மாமி குடுத்தனீங்கள்?"

"பால்மாவைத்தான். வெளிநாட்டுச் சாமான் வீட்டுக்கு வந்தால் அயலட்டைக்குக் காட்டாமல் ஒளிச்சு வைச்சுத் தின்னுறதோ? பேந்து என்ன கதைப்பினம்?"

மரக்கறிப் பை என் கையிலிருந்து எப்படி விழுந்தது என்று எனக்குத் தெரியாது. தக்காளி மதகடிவரை உருண்டது.

கனிசியஸ் அவசரத்தில், "டிலக்ஷன் அண்ணை தந்த பால்மா" என்று மட்டும் சொல்லி, அது அட்சரனுக்கு என்று சொல்லாமல் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். மாமி ஒட்டகப் படம் போட்ட பக்கெற்றை வெட்டி, தன் தேத்தண்ணிக்கு வைத்திருக்கிற பசுப்பால்மாத் தகரப் பேணிக் கரண்டியாலேயே அள்ளி, சின்னச் சின்னப் பையில் கட்டி, கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறா. உடுப்பிட்டிப் பெரியப்பாவுக்குக்கூட மினிபஸ்ஸில் போகிற ஒரு ஆளிடம் ஒரு பங்கு போய்விட்டது. சொக்கிலேற்றுக்கும் சவர்க்காரத்துக்கும் நாங்கள் செய்கிறதுதானே. மாமியை என்ன சொல்ல?

பெட்டியிலிருந்த அட்சரனின் மருந்தைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, அவனைச் சைக்கிள் சீற்றில் வைத்து, கொடுத்ததைத் திருப்பி வாங்க வீடு வீடாகப் போனேன். பக்கத்து வீட்டுச் சுவர்ணா அக்கா தன் பால்மாப் பேணிக்குள்ளேயே கொட்டிக் கலந்துவிட்டா. "தேத்தண்ணி கொஞ்சம் உப்புக் கரிச்சுது. சீனிக்குப் பதிலா உப்புப் போட்டிட்டன் எண்டு இவர் என்னோடை ஒரு சண்டை" என்றா. நிரோஜா வீட்டில் அது ஏற்கெனவே ரொபி இனிப்பாகக் கிண்டப்பட்டு, வெட்டி, ஆறிக்கொண்டிருந்தது. உடுப்பிட்டியிலிருந்து பொன்னம்பலம் பெரியப்பா அடுத்த நாளே போன் எடுத்தார். "பிள்ளை, அந்தப் பால்மா இன்னும் கிடக்கோ? இரண்டு தரம்தான் குடிச்சனான், முழங்கால் ஒட்டகம் மாதிரி மடங்குது!"

அன்றைக்கு நான் திரும்பி வந்து அடுப்படியில் இருந்து அழுதேன். கிடைத்த எல்லாவற்றிலும் மாட்டுப்பால் தொட்டிருந்தது. கரண்டியில் ஒட்டின தூள் போதும் அவனுக்கு.

மாமி வந்து பக்கத்தில் குந்தினா. "ஏன் பிள்ளை அழுகிறாய்? ஒண்டுதான் வெட்டினது. மற்றது கிடக்கு."

"எங்கை?"

"சாமியறையிலை."

உடைக்காமல், குங்குமம் வைத்து, விளக்குக்குப் பக்கத்தில் பக்கெற் நிமிர்ந்து நிற்கிறது! முதல் பாலைச் சாமிக்கு வைக்க நினைத்தவ, ஒட்டகப்பால் சாமிக்கு ஆகுமோ ஆகாதோ என்ற சந்தேகத்தில் என்னைக் கேட்டுவிட்டு உடைப்போம் என்று விட்டிருக்கிறா.

"நீ உதெல்லாம் படிச்சனியெல்லோ. ஒட்டகம் மாட்டுச் சாதியோ?"

"இல்லை மாமி. மாட்டுக்கு ஒட்டகத்தைவிடத் திமிங்கலம் கிட்டத்துச் சொந்தம்."

மாமி விளக்கின் திரியைத் தூண்டிவிட்டா. "உதை ஐயரிட்டைச் சொல்லிப்போடாதை. அபிசேகத்துக்கு எங்கை போய்த் திமிங்கலம் பிடிக்கிறது?"

அழுகை எங்கே போனதோ தெரியாது. இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் அட்சரன் ஓடிவந்து ஒன்றும் விளங்காமல் தானும் சிரித்தான். பக்கெற் இப்போது என் அலுமாரியில், பூட்டுக்குள்.

இன்னும் ஒரு கிழமை. ஒப்பந்தத்துக்குப் பதில் எழுதத் தெரியவில்லை என்று அன்றைக்கு எழுதினேன். இன்றைக்கும் தெரியவில்லை. பால் ஒத்துக்கொண்டால் நீங்கள் கையெழுத்து வைப்பீர்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் என் பிள்ளையின் உடம்பு மறுபடியும் தடிக்க வேணும். சாமியறையில் நின்று எதைக் கேட்பது என்று தெரியாமல் கையை மட்டும் கூப்பிவிட்டு வருகிறேன். இப்படி ஒரு கணக்கைப் போட்டு வைத்துவிட்டு நீங்கள் நிம்மதியாக மெசின் கழற்றுகிறீர்கள்.

உங்கள்,
தக்சாயினி


தெல்லிப்பழை,
17.07.2025

அன்புள்ள டிலக்ஷனுக்கு,

முதலில் ஒரு சொல்: பிள்ளை நல்ல சுகம். மூச்சை விட்டுவிட்டு மிச்சத்தை ஆறுதலாக வாசியுங்கள்.

காலையில் நானும் மாமியும் அவனைத் தூக்கிக்கொண்டு போனோம். கையில் ஊசிக் குழாய் ஏற்றி வைத்தார்கள். அதற்கு மட்டும் அழுதான். மேசையில் மருந்தெல்லாம் தயாராக அடுக்கியிருந்ததைக் கண்டதும் நான் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். டொக்டர் என்னைப் பார்த்து, "அம்மா, நீங்கள் படுக்கப்போறியளோ? கட்டில் ஒண்டுதான் கிடக்கு" என்றா.

தாதி மிசி பால்மாவைக் கரைத்தா. முதலில் சொண்டில் ஒரு சொட்டுத் தடவினார்கள். பார்த்துக்கொண்டிருந்தோம். நான் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை, அவன் சொண்டைத்தான் பார்த்தேன். சிவக்கிறதா, ஊதுகிறதா? கனநேரம் உற்றுப் பார்த்தால் எல்லாம் ஊதுவது போலத்தான் தெரிகிறது. "மாமி, வீங்குதோ?" என்று கேட்டேன். "அவன்ரை சொண்டே அப்பிடித்தான். அவன்ரை தேப்பனுக்கும் உதே சொண்டு" என்றா.

பிறகு சிரிஞ்சால் கொஞ்சம் வாய்க்குள். பிறகு ஒரு தேக்கரண்டி. ஒவ்வொரு முறையும் விட்டு விட்டு, சட்டையைக் கழற்றி முதுகைப் பார்த்து, நெஞ்சுக்குக் குழாய் வைத்துக் கேட்டு... ஒன்றுமில்லை டிலக்ஷன். ஒரு தடிப்பு இல்லை, ஒரு இருமல் இல்லை. ஒவ்வொரு தரமும் முகத்தை மட்டும் ஒரு பக்கம் கோணினான். நாங்கள் அது ஊசிக் கோபம் என்று நினைத்தோம்.

கடைசியாக ஒரு குவளை. அரைவாசிக்கு மேல் இறங்கிவிட்டது. டொக்டர் குனிந்து, "கெட்டிக்காரன்! இன்னும் கொஞ்சம்" என்றா. அவன் வாயை நிறைத்துக்கொண்டு அவவை ஒருக்கால் வடிவாகப் பார்த்தான்.

துப்பினான்.

கொஞ்ச நஞ்சம் இல்லை. கண்ணாடி, சாறி, கழுத்தில் தொங்கின குழாய் எல்லாம். மாமி தன் சாறித் தலைப்பால் டொக்டரைத் துடைக்கப் போய் இன்னும் பூசிவிட்டா. நான், "ஐயோ டொக்டர், சத்தி எடுக்கிறானோ? ஒத்துக்கொள்ளேல்லையோ?" என்று கேட்கிறேன். அவ கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரிக்கிறா.

"ஒத்துக்கொண்டிட்டுது அம்மா. உள்ளை போனது போதும். இது வருத்தம் இல்லை. இவருக்குப் பிடிக்கேல்லை, அவ்வளவுதான்."

பின்னேரம்வரை வைத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்கு விட்டார்கள். வந்து வாழைப்பழத்தில் மசித்துக் கொடுத்தேன், துப்பினான். குரக்கன் கூழில் ஒரு கரண்டி கலந்தேன், துப்பினான். மாமி நிலாக் காட்டினா. நிலாவைப் பார்த்தான், வாயைத் திறக்கவில்லை. நானும் குடித்துப் பார்த்தேன். உண்மையாகச் சொன்னால், அவனில் எனக்குக் கோபம் வரவில்லை.

டொக்டர் அவன் நிறையையும் பார்த்தா. நல்லாயிருக்கிறானாம். முட்டை, நெத்தலி, முருங்கையிலை, பயறு எல்லாம் தின்கிற பிள்ளைக்கு, தான் எழுதித் தந்த சத்துப் பாணி மருந்தோடு பால் இல்லாமலே சமாளிக்கலாமாம். "பால் குடிச்சால்தான் பிள்ளை எண்டு ஆர் சொன்னது?" என்றா. வருசா வருசம் பசுப்பாலையும் சோதித்துப் பார்ப்போம், இந்த வருத்தம் வளர வளரக் கனபேருக்கு விட்டுப்போகும் என்றும் சொன்னா.

ஆகவே உங்கள் கணக்குப்படி பால் ஒத்துக்கொண்டுவிட்டது. நீங்கள் கையெழுத்து வைக்கலாம். ஆனால் குடிக்கத்தான் இங்கே ஆளில்லை.

மிச்சத்தை நீங்களே யோசியுங்கள் என்று எழுதத்தான் நினைத்தேன். இரண்டு வருசமாக அப்படித்தான் எழுதி வந்திருக்கிறேன். உங்கள் விருப்பம், உங்களுக்குச் சரி என்று படுகிறது, நாங்கள் சமாளிப்போம் என்று. இப்போது யோசிக்க வேண்டாம் என்று எழுதுகிறேன். கையெழுத்து வைக்க வேண்டாம். வாருங்கள்.

தக்சா


25.07.2025

அன்பின் தக்சா,

கையெழுத்து வைக்கவில்லை.

திங்கட்கிழமை சூடான்காரரிடம் வெறுந்தாளைத் திருப்பிக் கொடுத்தேன். ஏன் என்று கேட்டார். "என்ரை மகன் துப்பிப்போட்டான்" என்றேன். முழுக்கதையும் சொல்ல வேண்டி வந்தது. சிரித்துச் சிரித்துக் கடைசியில் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நல்ல பாலைத் துப்புகிறது ஒட்டகக் குட்டி மட்டும்தான். உன் மனிசி படித்தது பிழை. ஒட்டகம் உங்கள் வீட்டுக்குத் தூரத்துச் சொந்தம் இல்லை, கிட்டத்துச் சொந்தம்" என்றார். ஓகஸ்ட் இருபத்திரண்டு, வெள்ளிக்கிழமை கட்டுநாயக்காவில் இறங்குகிறேன். இரவு பஸ் எடுத்தால் சனி விடிய உமது கேற்றடியில் நிற்பேன்.

தக்சா, ஒரு விசயம். போன் வழியாகக் கதைக்கக் கூச்சமாக இருந்ததால் எழுதுகிறேன். நான் வெளிக்கிடும்போது அவன் மூன்று மாதக் குழந்தை. அவனுக்குத் தெரிந்த அப்பா போனுக்குள் கையளவு. சத்தம் அடிக்கடி அறுந்துபோகும், கிழமைக்கு ஒரு நாள்தான் வருவார். திடீரென்று இவ்வளவு பெரிய ஒரு ஆள், தாடியோடு, வாசலில் வந்து நின்று "குஞ்சு" என்று கையை நீட்டினால் என்ன செய்வான்? இந்தக் கிழமை முழுக்க எனக்கு அதுதான் யோசனை. மெசின் பூட்டும்போதும் அதுதான்.

டொக்டர் பால் கொடுத்த மாதிரி என்னையும் மெல்ல மெல்லக் கொடுத்துப் பாருமன். முதல் நாள் கேற்றடியில் ஒரு சொட்டு. பிறகு விறாந்தையில் ஒரு தேக்கரண்டி. ஊதுகிறானா, தடிக்கிறானா என்று நீர் பார்த்துச் சொல்லும். அதற்குப் பிறகு குவளை.

என்னையும் துப்பினால் என்ன செய்கிறது, தக்சா?

டிலக்ஷன்


தெல்லிப்பழை,
31.07.2025

அன்புள்ள டிலக்ஷனுக்கு,

உங்கள் கடிதத்தை மாமிக்கு வாசித்துக் காட்டவில்லை, திகதியை மட்டும் சொன்னேன். இப்பவே முற்றத்தைக் கூட்டத் தொடங்கிவிட்டா. பெரியப்பாவுக்கு மட்டும் ஒரு பக்கெற் எடுத்து வாருங்கள். கிழமைக்கு இரண்டு தரம் போன் எடுத்து உங்கள் சுகம் விசாரிக்கிறார், எனக்குத் தெரியும் அது முழங்காலின் விசாரிப்பு. வேறு பால்மா ஒன்றும் வேண்டாம்.

தாடியை வழிக்காதீர்கள். போனில் அவன் கண்ட முகம் அதுதான்.

சொட்டு, தேக்கரண்டி எல்லாம் நீங்கள் சொன்னபடியே செய்வோம், நான் பக்கத்தில் நின்று பார்க்கிறேன். ஆனால் ஒன்றை இப்பவே சொல்லி வைக்கிறேன். அவன் துப்புவான். பழகாத எதையும் முதலில் துப்பித்தான் பார்க்கிறான். துப்பினால் முகத்தைத் துடைத்துவிட்டு, அந்த இடத்திலேயே நில்லுங்கள்.

உங்கள்,
தக்சாயினி